நிறுத்தியது நிறுத்தியபடியே

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றை நோக்கியோ ஒரத்தநாட்டை நோக்கியோ வைகாசி மாதத்தில் புறப்பட்டுச் செல்கிறவர்கள், ஆற்றில் இன்னும் தண்ணீர் வராத அந்த நாட்களிலும், வெடித்துக் கிடக்கும் வயல்களுக்கு இடையே அங்கங்கே குறுவை நாற்றங்கால் தளதளவென்று நிற்பதையும், அதன் அருகே ஒரு சின்னஞ்சிறு மோட்டார் கொட்டகை இருப்பதையும் காணத் தவறமாட்டார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28ஆம் தேதி மூடுவதும் மரபு. ஆனால் 2024இல் நேர்ந்தது போல் ஜூலை 28 வரை திறப்பு தள்ளிப் போகிற வருஷங்களும் உண்டாகையால், ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் ஆற்றை எதிர்பார்த்துக் காத்திராமல் மின்சாரத்தை நம்பியே விதை விடுகிறார்கள். அந்தக் கொட்டகைச் சுவரில் திருகி வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கம்ப்யூட்டருக்கு வருவது நல்லது என்று நினைக்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர்களை இன்றைக்கும் வருத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி, அந்த இரும்புப் பெட்டிக்குள் வெகு காலமாகவே குடியிருந்து வருகிறது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், எது ஓட வேண்டும், எது ஓடக்கூடாது என்பதை யார் ஞாபகம் வைத்திருப்பது என்பதே அந்தக் கேள்வி.

பெட்டியின் முகப்பில் பச்சைப் பொத்தான் ஒன்றும் சிவப்புப் பொத்தான் ஒன்றும் இருக்கின்றன. பச்சையை அழுத்தினால் உள்ளே ஒரு காயிலில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது. காந்தம் இழுத்ததும் மூன்று பேஸுக்குமான கான்டாக்ட்டுகள் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ள, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் நின்றுவிடாமல் ஓடுவதற்குக் காரணம், ஒட்டிக்கொண்ட கான்டாக்ட்டுகளோடு சேர்ந்து ஒட்டிய இன்னொரு சிறு கான்டாக்ட், காயிலுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொடுத்துக்கொண்டிருப்பதுதான். சிவப்பை அழுத்தினால் அந்தச் சங்கிலி அறுபடுகிறது. ஸ்பிரிங் தள்ள, கான்டாக்ட்டுகள் பிரிந்து விழுகின்றன. மின்சாரம் நின்று போனாலும் நடப்பது இதே காரியந்தான். காந்தம் உயிரிழந்து போகிறது, கான்டாக்ட்டுகள் விழுந்துவிடுகின்றன. பிறகு மின்சாரம் எத்தனை முறை வந்து போனாலும், ஒரு மனிதன் வந்து பச்சையை அழுத்துகிறவரையில் மோட்டார் அசையாது. இதற்கு நோ-வோல்ட் காயில் என்று பெயர். மின்வெட்டுக்கு முன்னால் தான் ஓடிக்கொண்டிருந்தோமா, நின்றிருந்தோமா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் இருக்கும்படியாகவே அதைச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் வந்த க்ஷணத்தில் தானாகச் சுழலத் தொடங்கும் யந்திரத்தின் அருகே ஒருவன் கையை வைத்திருக்கக்கூடும் என்ற கருணைதான் அந்த மறதிக்குக் காரணம்.

ஆனால் இந்த மறதி விவசாயிக்குச் சௌகரியமாக இல்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்து, நடுநிசியிலும் விடியற்காலையிலும் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், அது வரும் வேளையை எதிர்பார்த்து வரப்பில் படுத்துக் கிடப்பது யாரால் முடியும்? ஆகவே ஆட்டோ ஸ்விட்ச் என்ற சிறு சாதனம் வந்தது. மூன்று பேஸும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்து, சற்றுப் பொறுத்து, மனிதனுக்குப் பதிலாக அதுவே பச்சையை அழுத்தியதற்குச் சமமான காரியத்தைச் செய்துவிடும். இதனால் ஒரு தொல்லை தீர்ந்தது, வேறொன்று முளைத்தது. குழாய் உடைந்து போனதென்று சிவப்பை அழுத்தி மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவர் டவுனுக்குப் பொருள் வாங்கப் போகிறார். ஆட்டோவை அணைக்க மறந்துவிட்டார். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் போதும், மோட்டார் தானாக ஓடி, உடைந்த குழாய் வழியே தண்ணீரைக் கொட்டி, அடுத்தவர் வயலின் வரப்பை அறுத்துவிடும். சிவப்பை அழுத்தியபோது அவர் மனத்தில் இருந்தது, 'குழாயைச் சரி செய்கிறவரையில் ஓடாதே' என்ற சங்கல்பம். பெட்டி புரிந்துகொண்டதோ 'இப்போது நில்' என்பது மட்டுமே. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் இதை அறிந்தவராகையால், வேலையைத் தொடுவதற்கு முன் பொத்தானையும் நம்பாமல் ஆட்டோவையும் நம்பாமல், பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விடுகிறார். இனி யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடவாது.

பொத்தானை அழுத்துவது, ஆட்டோவை அணைப்பது, கட்டையைப் பிடுங்குவது என்ற இந்த மூன்று படிகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போவது மிகவும் எளிதாக விளங்கும்.

இந்த டெல்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் தொழில் புதியதன்று. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டதற்கு வெகு காலம் முன்பே, இங்கே படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். கொரோனா வந்த பிறகு, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு உள்ளறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்களும் ஏராளம். 'லோக்கல் செட்டப்' என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வீட்டில் உள்ளவர்கள் கேட்டிருக்கலாம். அது என்னவென்பதை நமக்குப் பழக்கமான ஒரு காரியத்தை வைத்துச் சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றின் கணக்கு வழக்குகளை நடத்த ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே யந்திரம் போலத் தோன்றினாலும், உள்ளே அது பல சிறு நிரல்களின் கூட்டுக் குடும்பம். விவசாயியின் பெயரையும் பட்டா விவரத்தையும் பதிவது ஒன்று. நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு உட்பட்டிருக்கிறதா என்று குறிப்பது ஒன்று. 40 கிலோ சிப்பங்களை எண்ணுவது ஒன்று. வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்வது ஒன்று. 'உங்கள் பணம் வரவு வைக்கப்பட்டது' என்று கைபேசிக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. இவற்றைச் சர்வீஸ் என்கிறார்கள். நாம் சேவை என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே ஓடும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

இந்தக் குடும்பத்தில் ஏதேனும் ஒன்றைத் திருத்துகிற இளைஞரோ பெண்ணோ, ஜனங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிஜமான அமைப்பில் கை வைக்கக்கூடாது. ஆகையால் அந்தக் குடும்பம் முழுவதையும் தம்முடைய மடிக்கணினிக்குள்ளேயே ஒரு நகலாகக் குடியமர்த்தி, அங்கே உடைத்தும் ஒட்டியும் பார்த்துவிட்டு, சரியான பிறகே வெளியே அனுப்புகிறார். லோக்கல் செட்டப் என்பது இதுதான். ஆனால் பெரிய அலுவலகங்களில் பல யந்திரங்களில் பரவி ஓடுகிற சேவைகளை ஒரே மடிக்கணினிக்குள் அடைத்தால், எட்டு ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள சாதாரணக் கணினி திணறிப் போகிறது. விசிறி இரைகிறது, திரை உறைந்து நிற்கிறது, ஓர் எழுத்தைத் தட்டினால் அது தோன்றுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. அதனால், தமக்கு அன்றைக்குத் தேவையில்லாத சேவைகளை முடக்கி வைக்கிறார். சிப்பம் எண்ணும் கணக்கைத் திருத்துகிறவருக்கு வங்கிச் சேவை எதற்கு?

நினைவகத்தை மிச்சப்படுத்துவது ஒரு காரணந்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குறுஞ்செய்திச் சேவையை எண்ணிப் பாருங்கள். பரிசோதனைக்காக வைத்திருக்கும் பட்டியலில் கவனக்குறைவால் நிஜமான விவசாயிகளின் எண்கள் கலந்திருந்து, அந்தச் சேவையும் ஓடிக்கொண்டிருந்தால், வராத பணம் வந்துவிட்டதாக ஒரு செய்தி அறுவடை முடிந்து காத்திருக்கும் ஒரு மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் பஸ் ஏறி வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பார். எனவே ஜாக்கிரதையுள்ள ஒருவர் அந்தச் சேவையை முதல் காரியமாக நிறுத்திவிட்டு வேலை செய்கிறார். சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் வந்து, 'எல்லாவற்றையும் எழுப்பு' என்ற ஒரே கட்டளையைத் தட்டுகிறார். எல்லாம் எழுந்துவிடுகின்றன, நேற்று நிறுத்தி வைத்ததும் சேர்ந்தே எழுந்துவிடுகிறது. எவரும் எந்தப் பிழையும் செய்யவில்லை, கட்டளை எதைச் சொன்னதோ அதுதான் நடந்தது. இருந்தும், நேற்றைய சங்கல்பம் இரவோடு இரவாக அழிந்து போயிற்று.

இது ஏன் நேர்கிறது என்றால், கணினிக்கு இரண்டு விதமான ஞாபகங்கள் இருக்கின்றன. எந்தச் சேவை இந்த நிமிஷத்தில் ஓடுகிறது, எது நிற்கிறது என்ற தற்போதைய ஸ்திதி, மின்சாரம் உள்ளவரையில் மட்டும் நிலைக்கும் நினைவகத்தில் இருக்கிறது. காயிலின் காந்தம் போல், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். எது ஓட வேண்டும், எது ஓடக்கூடாது என்ற சங்கல்பமோ, வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்தால்தான் மறுநாளும் இருக்கும். நிறுத்துவது என்ற காரியம் முதலாவதை மாத்திரம் மாற்றுகிறது. இரண்டாவதை மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு செயல் வேண்டும், அந்தச் செயலுக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும். இந்த விவேகம் கணினி உலகத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1983இல் வெளியான யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய அமைப்பிலும் அதைப் பின்பற்றிய லினக்ஸ்களிலும், கணினி எழும்போது எந்தெந்தச் சேவைகள் எழ வேண்டும் என்பதைச் சில அடைவுகளில் உள்ள பெயர்களே தீர்மானித்தன. 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் இருந்தால் அந்தச் சேவையைத் தொடங்கு என்று பொருள். 'கே' என்ற எழுத்தில் தொடங்கினால் நிறுத்து என்று பொருள். தொடர்ந்து வரும் எண், வரிசைக் கிரமத்தைச் சொல்லும். ஒரு சேவை வேண்டாமென்று நினைத்த நிர்வாகிகள் பலர், அதன் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணினார்கள். கணினியை எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் அந்தச் சேவை வராது. ஆனால் டெபியன் லினக்ஸில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்து நிறுவப்பட்டவுடன், அந்தச் சேவையின் பெயர் ஒன்றுமே இல்லாத அடைவுகளைப் பார்த்து, இது இன்னும் அமைக்கப்படாத புதுச் சேவை போலும் என்று எண்ணிக்கொண்டு, நிறுவல் நிரல் எல்லாப் பெயர்களையும் பழையபடி எழுதி வைத்துவிடும். முடக்கிய சேவை மறுபடி உயிர்பெற்றுவிடும். இது நிர்வாகிகள் சாதாரணமாகச் செய்கிற தவறு என்று அந்தக் கருவியின் கையேடே எச்சரித்தது. அழிக்காதே, 'எஸ்' என்பதை 'கே' என்று மாற்றி எழுது என்பதே சரியான முறை.

இந்த ஒரு விஷயத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எழுதாமல் விட்ட இடம், வேண்டாம் என்று எழுதிய இடத்துக்குச் சமமாகாது. வெற்றிடத்தைக் காண்கிறவன் தனக்குத் தோன்றியதை அதில் நிரப்பிக்கொள்வான். அவன் கெட்ட எண்ணத்தோடு செய்கிறான் என்று சொல்ல முடியாது. ஒரு சேவை ஓடக்கூடாது என்றால், ஓடக்கூடாது என்ற செய்தி எங்கேனும் நிச்சயமாக, எழுத்து வடிவில், இருந்தே ஆக வேண்டும்.

2010இல் வந்த சிஸ்டம்டி என்ற அமைப்பு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, நம் எலக்ட்ரீஷியனின் மூன்று படிகளையும் அப்படியே மூன்று கட்டளைகளாக வைத்திருக்கிறது. 'ஸ்டாப்' என்றால் சேவை இப்போது நிற்கும், அடுத்த முறை கணினி எழும்போது பழையபடி ஓடும். இது சிவப்புப் பொத்தான். 'டிஸேபிள்' என்றால் அடுத்த முறை தானாக எழாது, ஆனால் யாரேனும் கையால் எழுப்பினாலோ, வேறொரு சேவை தனக்கு வேண்டுமென்று அழைத்தாலோ எழுந்துவிடும். இது ஆட்டோவை அணைப்பது. 'மாஸ்க்' என்றால், அந்தச் சேவையின் பெயரே எதையும் விழுங்கிவிடும் சூனியக் கோப்பு ஒன்றோடு கட்டப்பட்டுவிடுகிறது; யார் எழுப்பினாலும் எழாது; இது பியூஸ் கட்டையைப் பிடுங்குவது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'டிஸேபிள்' என்று மட்டும் சொன்னால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சேவை நின்றுவிடாது; அது ஓடிக்கொண்டேயிருக்கும், அடுத்த தடவைதான் வராது. ஸ்திதி வேறு, சங்கல்பம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. விண்டோஸிலும் சேவைகளுக்குத் தானியங்கி, கைமுறை, முடக்கம் என்ற வகைகள் பதிவேட்டில் எழுதப்பட்டு, அணைத்து எழுப்பினாலும் நிலைத்து நிற்கின்றன.

ஆனால் லோக்கல் செட்டப்புகளில் இன்றைக்கு ராஜ்யம் செலுத்துவது 2013இல் வெளியான டாக்கர் என்ற கருவி. ஒவ்வொரு சேவையையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டிக்குள் அடைத்து, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடச் செய்வது இதன் சாதனை. ஒரு பெட்டி ஏதேனும் காரணத்தால் நின்று போனால் மறுபடி எழுப்ப வேண்டுமா என்பதற்கு இதில் சில விதிகள் உண்டு. 'ஆல்வேஸ்' என்ற விதியை வைத்தால் எப்போதும் எழுப்பிக்கொண்டேயிருக்கும். நீங்களே கையால் நிறுத்தினால் அப்போதைக்கு நிற்கும். ஆனால் கணினியை அணைத்து எழுப்பியதும், டாக்கர் உங்கள் விருப்பத்தை மறந்து, அந்தப் பெட்டியைத் திரும்ப எழுப்பிவிடும். ஆட்டோ ஸ்விட்சின் பழைய வம்புதான் இது. 2015இல், 'அன்லெஸ்-ஸ்டாப்ட்' என்ற இன்னொரு விதியைச் சேர்த்தார்கள். இதன்படி, நிறுத்தப்பட்டிருந்த பெட்டி, கணினி மறுபடி எழுந்த பிறகும் நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கும். இரண்டு விதிகளும் தினசரி நடப்பில் ஒன்று போலவே தோன்றும். வித்தியாசம் தெரிவது மின்வெட்டுக்குப் பிறகுதான். பெங்களூரின் பெரிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைவிட, மின்சாரம் அடிக்கடி போய் வருகிற ஊரில், பேட்டரி தேய்ந்த மடிக்கணினியில் வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் மிகவும் அத்தியாவசியமானது.

இதோடு விஷயம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பல பெட்டிகளை ஒரே குடும்பமாக நடத்தும் கம்போஸ் என்ற துணைக் கருவியில், 'எல்லாவற்றையும் எழுப்பு' என்று கட்டளையிட்டால், நேற்று எதை நிறுத்தினீர்கள் என்று அது கேட்பதில்லை; குடும்பக் கோப்பில் எழுதியிருப்பவை அனைத்தையும் எழுப்பிவிடும். அப்படியானால் அந்தக் கோப்பிலிருந்தே வேண்டாத சேவையை அடித்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான், என் அபிப்பிராயத்தில், இந்த விஷயத்தின் மிகக் கடினமான முடிச்சு இருக்கிறது. அந்தக் கோப்பு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. குழுவில் உள்ள அனைவரும் அதே கோப்பைத்தான் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். ஒருவர் செய்த மாற்றம் கிட் என்ற கருவி நடத்தும் பொதுக் களஞ்சியத்தின் வழியாக எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. கும்பகோணத்தில் இருப்பவர் தமது சின்னக் கணினிக்குப் பாரமாக இருக்கிறதென்று வங்கிச் சேவையை அடித்துவிட்டு, அதைக் கவனியாமல் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தாரானால், வங்கிச் சேவையிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் சென்னைத் தோழர், தம்முடைய சேவை எங்கே போயிற்று என்று அரை நாள் தேட நேரிடும்.

ஆகவே ஞாபகம் வைப்பது மட்டும் போதாது. அது யாருடைய ஞாபகம் என்பதும் நிர்ணயமாக வேண்டும். 'இந்தக் குடும்பத்தில் இன்னின்ன சேவைகள் இருக்கின்றன' என்பது பொதுச் செய்தி. 'என்னுடைய கணினியில் இன்றைக்கு இது வேண்டாம்' என்பது தனிமனிதனின் செய்தி. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதால்தான் சச்சரவு வருகிறது. கம்போஸ் கருவியில் இதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. பொதுக் கோப்புக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு மேலெழுத்துக் கோப்பை வைத்துக்கொண்டு, அதைக் களஞ்சியத்துக்குப் போகாதபடி விலக்கி வைக்கலாம். கருவி இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். 2021இல் வந்த 'ப்ரொஃபைல்' என்ற வசதி இன்னும் சிலாக்கியமானது. இன்ன சேவைகள் கேட்டால் மட்டும் எழ வேண்டியவை என்று பொதுக் கோப்பில் குறித்துவிட்டு, யாருக்கு எது வேண்டுமோ அதை அவரவர் தம்முடைய சிறு கோப்பில் எழுதிக்கொள்ளலாம். குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற ஆபத்தான சேவைகள் எல்லாம் இப்படி, கேட்டால் மாத்திரம் எழுகிறவையாக இருப்பதே நியாயம். முடக்குவதற்கு ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதைவிட, எழுப்புவதற்கு ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று வைப்பது எத்தனையோ மடங்கு பத்திரமானது.

எல்லாவற்றையும் ஞாபகம் வைப்பதே உத்தமம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஐபோனில், 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், திரையின் ஓரத்திலிருந்து இழுக்கும் பலகையில் வைஃபையை அணைத்தால், அது உண்மையில் அணைவதில்லை. அப்போதைய இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை 5 மணிக்கோ போனை அணைத்து எழுப்பும்போதோ மறுபடி தானாக இணைந்துகொள்கிறது. நிரந்தரமாக அணைக்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போக வேண்டும். தற்காலிகமாக அணைத்துவிட்டு மறந்துபோகிறவர்களே அதிகம் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது. போனுக்கு இது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அணைத்தவருக்கு, தான் செய்தது தற்காலிகந்தான் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாதபோது அவர் ஏமாந்து போகிறார்.

அதைப் போலவே, மிகையான ஞாபகத்தாலும் கஷ்டம் உண்டு. சித்திரையில் முடக்கிய ஒரு சேவை ஆவணியிலும் மௌனமாக முடங்கியே கிடக்கிறது. முடக்கியவருக்கு அது மறந்து போயிற்று. கணினி மட்டும் விசுவாசமாக ஞாபகம் வைத்திருக்கிறது. பணம் வரவு வைக்கும் பகுதி வேலை செய்யவில்லையே என்று அவர் தாம் எழுதிய நிரலை வரி வரியாகப் படிக்கிறார், நல்ல நிரலைத் திருத்திக் கெடுக்கிறார், நண்பர்களை எழுப்பிக் கேட்கிறார். கடைசியில், பிழை நிரலில் இல்லை, சேவையே ஓடவில்லை என்று தெரிய வருகிறது. இத்தொழிலில் இருக்கிற எந்த இளைஞரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தைச் சொல்வார். மறந்து போவதால் வரும் துன்பத்துக்கு இது சற்றும் குறைந்ததன்று. ஞாபகம் இருந்தால் போதாது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு ஒரு முறையை நம்முடைய மின்வாரிய ஊழியர்கள் வெகு காலமாகவே கைக்கொண்டு வருகிறார்கள். ஒரு லைனில் ஏறி வேலை செய்யப் போகிறவர், துணை மின்நிலையத்தில் 'லைன் கிளியர்' வாங்குகிறார்; எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்த ஃபீடரை நிறுத்தினார்கள், யார் கேட்டு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு என்பது பதிவேட்டில் எழுதப்படுகிறது. வாங்கியவர் வேலையை முடித்துவிட்டு எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கிறவரையில், மின்சாரம் எங்கிருந்து எப்படி வந்தாலும், அந்த லைனைச் சார்ஜ் செய்யக்கூடாது. பணி நேரம் முடிந்து வேறொருவர் நாற்காலிக்கு வந்தாலும், அவர் பதிவேட்டைப் பார்த்து அதே நிலையைக் காப்பாற்ற வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கங்களில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் ஒருசேரச் சாய்த்தபோது, ஒரு பெரும் பிரதேசத்தின் மின் வலையையே கம்பம் கம்பமாக நிறுத்தி, லைன் லைனாக எழுப்ப வேண்டியிருந்தது. வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். எந்த லைனுக்கு உயிர் கொடுக்கலாம், எந்த லைனில் இன்னும் ஆள் இருக்கிறார் என்பது அப்போது ஒருவர் தலைக்குள் இருந்தால் போதாது. அதில் ஒரு பிசகு நேர்ந்தால், போவது ஓர் உயிர்.

அந்தப் பதிவேட்டின் விசேஷம் அது முடக்கத்தை ஞாபகம் வைத்திருப்பது மட்டுமன்று. முடக்கத்துக்கு உரியவர் யார், காரணம் என்ன, எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பதே. கணினிக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் இன்னும் பின்தங்கியிருக்கின்றன. சிஸ்டம்டி ஒரு சேவை முடக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். யார் முடக்கினார், எதற்காக என்று சொல்லாது. டாக்கர் ஒரு பெட்டி நின்றிருக்கிறது என்று காட்டும். வேண்டுமென்றே நிறுத்தியதா, தானாக விழுந்ததா என்பதை பெட்டி நிற்கும்போது விட்டுச்செல்லும் வெளியேற்றக் குறியீட்டை ஒருவர் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் எழுதி வைக்க இடம் கொடுத்திருந்தால் தீர்ந்து போகிற விஷயத்துக்கு மனிதர்கள் பொழுதை விரயம் செய்கிறார்கள்.

டெல்டாப் பக்கத்திலிருந்து இந்தத் தொழிலுக்குப் போயிருக்கிற, போகப்போகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு சேவையை முடக்கும்போது, முடக்கியவர் பெயர், தேதி, காரணம் ஆகிய மூன்றையும் உங்கள் சொந்தக் கோப்பிலேயே அதன் பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். பொதுக் கோப்பைத் தொடாதீர்கள். ஜனங்களுக்குச் செய்தியோ பணமோ அனுப்பக்கூடிய சேவைகளைக் கேட்டால் மட்டும் எழும்படி வையுங்கள். நாளைக்கு நீங்களே இப்படியொரு கருவியை இயற்றும் நிலைக்கு வருவீர்கள். அப்போது அந்த மூன்று விவரங்களுக்கும் அதில் இடம் கொடுத்து, காலையில் எல்லாவற்றையும் எழுப்பியவுடன், இன்னின்னவை இன்ன காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று முதல் வரியிலேயே காட்டும்படி செய்யுங்கள்.